மூன்றாவது ஏக்கர்

தம்பி,

நீ அனுப்பிய குரல்பதிவை நானும் அம்மாவும் குசினிக்குள் இருந்து இரண்டு தரம் கேட்டோம். காணிப் படத்தை நான் தொலைபேசியில் எடுத்து அனுப்பியது, என் பெயரில் இருக்கும் வயலுக்கு, எனக்குப் பிறகு உரித்து உனக்கு வரும்படி, உன்னைப் பின்னுரித்தாளராகப் பதிய வேண்டும் என்பதற்காக. நீ அதைப் பெரிதாக்கிப் பார்த்து ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டாய். “அப்பா, படத்தில மூண்டு ஏக்கர் கிடக்கு. நீங்கள் விதைக்கிறது ரெண்டுதானே. மற்ற ஏக்கரை ஆர் செய்யினம்? பேப்பர் எங்கட பேரில இருக்கேக்க ஏன் விட்டுக்கொண்டு இருக்கிறியள்? அவையை எழுப்பிப்போடுங்கோ.” நீ கோபமாகச் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் வழியில், ரயிலுக்குள் இருந்து, என்மேல் உள்ள அக்கறையில் சொன்னாய். அம்மா கேட்டுவிட்டு, “இவன் உங்களைப் போலவே கதைக்கிறான்,” என்றாள். அவள் அதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கியது. இதற்குக் குரல்பதிவில் பதில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். நீளமாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக இருந்து வாசி.

உனக்குத் தெரிந்த அப்பப்பா ஒருவர். தகப்பனாக எனக்குத் தெரிந்த ஐயா இன்னொருவர். உன்னுடைய அப்பப்பா சைக்கிள் பாரில் துவாயைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் உன்னை இருத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர். உன்னோடு கடுதாசி விளையாடும்போது ஒரு சீட்டைச் சாரத்து மடிப்புக்குள் ஒளித்துவைத்து, நீ பிடித்துவிட்டால், “அது தானாய்ப் போய் விழுந்திட்டுது,” என்று முகம் மாறாமல் சொன்னவர். அவர் செத்த செய்தி கேட்டு நீ குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுததாக உன் நண்பன் பிறகு எனக்குச் சொன்னான். என்னுடைய ஐயா என்னோடு அப்படி விளையாடியவர் அல்ல. வாய்க்காலில் யாராவது முறை தவறித் தண்ணீரைத் திருப்பினால் மண்வெட்டியோடு போய் நிற்பார். பிழை தன்மேல் என்றால் அதை ஒத்துக்கொள்ள அவருக்கு நாட்கள் எடுக்கும்; சில பிழைகளுக்கு வருடங்கள் எடுத்தன. இந்த இரண்டு பேரையும் சேர்த்து நீ நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏக்கரின் கதையைத் தொடக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

ஐயா யாழ்ப்பாணத்தில் இருந்து வன்னிக்கு, இந்த அக்கராயனுக்கு வந்தபோது அவருக்குக் கலியாணம் ஆகவில்லை. குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயலுக்கு அரசாங்கம் அனுமதிப்பத்திரம் கொடுத்தது. வயல் என்பது எழுத்தில்தான். கண்ணுக்குத் தெரிந்தது காடு. இரண்டு ஏக்கரை அவர் வெட்டி எரித்து வயலாக்கினார். பின்னால் கிடந்த ஏக்கரை அவரால் தொட முடியவில்லை. பாலை மரமும் வீரை மரமும் வேர்விட்டு இறுகிப்போன நிலம். நான் பள்ளிக்கூடம் போய்வந்த காலத்திலும் அது காடாகவே கிடந்தது. செய்யாமல் விட்டால் பத்திரத்தைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. அந்த நேரம்தான் இனக்கலவரம் நடந்து, மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து அடிபட்டு ஓடிவந்த சனம் வன்னிக்குள் இறங்கியது. அப்படி வந்தவர் முத்தையா. மனைவியும் கைக்குழந்தையுமாக எங்கள் வாய்க்கால் கரையில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தார். அந்தக் கைக்குழந்தைதான் பாக்கியம். அவளை உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து போகிற பாக்கியம் மாமி. ஆனால் பின் ஏக்கரைச் செய்வது அவள்தான் என்று உனக்கு நாங்கள் ஒருநாளும் விளக்கிச் சொல்லவில்லை.

தோட்டத்துச் சனம் என்பதால் முத்தையாவுக்குப் பிரசாவுரிமை இல்லை. இந்த நாட்டிலேயே பிறந்தவருக்குக் காணி கேட்டு ஒரு விண்ணப்பம் போடக்கூட வழி இருக்கவில்லை. ஐயாவும் அவரும் இரண்டு வருடம் அந்தப் பின் ஏக்கரை வெட்டினார்கள். ஐயா பேருக்குத்தான் வெட்டினார். வேர் கிளப்பியது முழுக்க முத்தையா. கடைசி மரக்குற்றியை இழுத்துப் போட்ட அன்று ஐயா குறுக்கே ஒரு வரம்பு போட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். “முத்தையா, இந்த வரம்புக்கு அங்கால உன்ர. நான் செத்தாலும் உன்ர,” என்றார். “காயிதம் ஒண்ணும் வேணாங்களாய்யா?” என்று முத்தையா கேட்டார். “என்ர வாய் கிடக்கு,” என்றார் ஐயா.

பத்திரக் காணியை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். ஒருமுறை காணி உத்தியோகத்தர் ஒருவர் வந்து, பின் ஏக்கரில் களை பிடுங்கிக்கொண்டு நின்ற முத்தையாவைக் காட்டி, “இவர் ஆர்?” என்று கேட்டார். “என்ர தம்பி,” என்றார் ஐயா. உத்தியோகத்தர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். ஐயா நெடுவல், முத்தையா அவருடைய தோளுக்குக் கீழே. “தாய் வேறை,” என்றார் ஐயா. அதனால்தான் பேச்சு வந்த நாளில் இருந்து பாக்கியம் ஐயாவைப் பெரியப்பா என்றும் என்னை அண்ணை என்றும் கூப்பிட்டாள். பொய்யில் பிறந்த முறை என்றாலும் முறை முறைதான்.

பிறகு நடந்தவற்றை உனக்குச் சொல்லத் தேவையில்லை. போரின் கடைசி இடப்பெயர்வில் நீயும் எங்களோடு நடந்தாய். முத்தையா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அப்பப்பா ஒரு பொலித்தீன் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பங்கருக்குள்ளும் அதை அவிழ்க்கவில்லை. உள்ளே காணிப் பத்திரம். உடுப்பை விட்டு, சைக்கிளை விட்டு, கடைசியில் அரிசியையும் விட்டுவிட்டு நடந்த நாளில், “இந்தக் கடுதாசிதான் எங்களைக் காப்பாத்தப் போகுதோ?” என்று நான் எரிந்து விழுந்தேன். “இதில ரெண்டு குடும்பத்தின்ர வயல் கிடக்கு. பேசாமல் நட,” என்றார்.

போர் முடிந்த பிறகு முகாமில் இருந்து முதலில் ஊருக்கு விட்டவர்களில் நானும் அம்மாவும் இருந்தோம். நீ வவுனியாவில் சித்தி வீட்டில் நின்று படித்தாய். காலில் காயத்தோடு இருந்த ஐயாவும் அங்கேயே நின்றார். புறப்படும்போது அந்தப் பையை அவிழ்த்து என் கையில் தந்தார். பாக்கியம் புருஷனை அந்தக் கடைசி நாட்களில் பறிகொடுத்தவள். இரண்டு பெண்பிள்ளைகளோடு அப்போதும் முகாமில் இருந்தாள். அக்கராயனுக்கு வந்து பார்த்தால் வயல் என்று ஒன்று இல்லை. ஆளுயரத்துக்குப் பற்றை. வரம்புகள் மழையில் கரைந்தும், கனரக வாகனங்கள் ஏறி மிதித்தும் மட்டமாகிக் கிடந்தன. கண்ணிவெடி எடுத்து முடித்த பிறகு, அந்தக் காலபோக விதைப்புக்கு உழவு இயந்திரமும் விதைநெல்லும் உதவியாகக் கொடுத்தார்கள். எத்தனை ஏக்கர் என்று எழுதிக்கொண்டு போக ஒருவர் வந்தார். நான் பத்திரத்தை எடுத்துக் காட்டி, மூன்று என்றேன்.

பாக்கியம் எப்போது வருவாளோ தெரியாது, சும்மா விட்டால் பற்றை ஏறிவிடும், வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். வரம்பில்லாத அந்த மூன்று ஏக்கரையும் ஒரே விரிப்பாக உழுது முடித்த அன்று, எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்தவனுக்கு ஒன்று மட்டும் கூடக் கிடைத்ததுபோல எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இப்படியான காரியங்களை எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு தொடங்குவதில்லை. களைத்துப்போய், பயந்துபோய்த் தொடங்குகிறார்கள். பிறகு அதற்கு நியாயம் தேடுகிறார்கள்.

நெல் முளைத்து விரல் உயரம் வந்த நேரம் பாக்கியம் வந்தாள். மெலிந்துபோய், யாரோ கொடுத்த அளவு பொருந்தாத சட்டையோடு வந்து வாய்க்கால் கட்டில் நின்றாள். கனநேரம் வயலைப் பார்த்தாள்.

“அண்ணை, எங்கட வரம்பைக் காணேல்லை.”

“எந்த வரம்பு?”

“அப்பாவின்ர வயல் வரம்பு.”

“பத்திரத்தில அப்பிடி ஒரு வரம்பு இல்லைப் பிள்ளை.”

தம்பி, இதை நான்தான் சொன்னேன். அவளுடைய அப்பா வேர் கிளப்பியதைக் கண்ணால் பார்த்த நான். அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. “பெரியப்பா எங்க நிக்கிறார்?” என்று மட்டும் கேட்டாள். “வவுனியாவில. கால் ஏலாமல் கிடக்கிறார். அவருக்கு இதுகளைச் சொல்லி வருத்தாதை,” என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அடுத்த கிழமையில் இருந்து மற்றவர்களின் வயல்களில் கூலிக்குக் களை பிடுங்கப் போனாள். ஒருநாள் எங்கள் பக்கத்து வயலில் நின்றாள். நான் அன்று முழுவதும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் வேலை செய்தேன்.

மார்கழியில் ஐயாவைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையே தடியை ஊன்றிக்கொண்டு வயலுக்குப் புறப்பட்டார். நானும் அம்மாவும் பின்னால் போனோம். “பாக்கியம் இன்னும் வரேல்லையோ?” என்று கேட்டார். “வந்திட்டாள்,” என்றேன். “அப்ப வரம்பு?” நான் சட்டம் சொன்னேன். பத்திரம் எங்கள் பெயரில் இருக்கிறது, பதிவும் எங்கள் பெயரில், அவளுடைய பெயர் எங்கேயும் இல்லை என்றெல்லாம் சொன்னேன். உன் குரல்பதிவைக் கேட்டுவிட்டு அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று இப்போது உனக்கு விளங்கும். அன்று அவள் பக்கத்தில் நின்று கேட்டவள்.

ஐயா தடியை என்னிடம் நீட்டிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். பயிருக்குள் வெறுங்காலால் மிதித்து மிதித்து நொண்டிக்கொண்டு போனார். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர் காலால் தேடுகிறார். வருடக்கணக்காக ஆட்கள் நடந்து இறுகிய மண் மேலே கரைந்தாலும் அடியில் இறுக்கமாகத்தான் கிடக்கும். ஓர் இடத்தில் நின்று குதிகாலால் இரண்டு தரம் குத்திப் பார்த்தார். “இஞ்ச கிடக்கு. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வா,” என்றார். நான் அசையவில்லை. அவரே திரும்பி வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார்.

அப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. ஒன்பது நாள் அந்த வரம்பைக் கட்டினார். காலையில் வெயில் ஏறும்வரை, பிறகு பின்னேரம். நாலு வெட்டு வெட்டுவார். மண்வெட்டிப் பிடியில் சாய்ந்து நிற்பார். இன்னும் நாலு வெட்டு. போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், “மகன் வரம்பைத் துலைச்சுப்போட்டான், தேடித் திரும்ப வைக்கிறன்,” என்பார். நான் அவமானத்தில் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். மூன்றாம் நாள் பாக்கியம் மண்வெட்டியோடு வந்து மறு அந்தத்தில் இருந்து தொடங்கினாள். ஐயா அவளைக் கூப்பிடவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் அம்மா தேத்தண்ணியை ஒரு போத்தலில் ஊற்றிக்கொண்டு புறப்பட்டாள். “எனக்கு?” என்றேன். “மூண்டு பேருக்குத்தான் ஊத்தினனான். உங்களுக்கு வேணுமெண்டா அங்க வாங்கோ, என்ர பங்கைத் தாறன்,” என்றாள்.

அங்கே போக எனக்கு இன்னும் ஒரு நாள் எடுத்தது. ஆறாம் நாள் காலை மண்வெட்டியோடு போய் நடுவில் நின்றேன். ஐயா நிமிர்ந்து பார்த்தார். “கயிறைப் பிடி. உன்ர பக்கம் கோணிக்கொண்டு வருது,” என்றார். அவ்வளவுதான். பாக்கியத்திடம் போய், “பிள்ளை, நான் அண்டைக்குச் சொன்னது...” என்று தொடங்கினேன். “முதல்ல மண்ணைப் போடுங்கோ அண்ணை, மழை வரப்போகுது,” என்றாள். நான் விதைத்திருந்த நெல் அவளுடைய பக்கத்தில் நின்றது. “விதைச்சது நீ, மண் அவளின்ர. அறுக்கிறது அவள்,” என்று ஐயா சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால், அப்பப்பா நீதிமான், உன் அப்பா திருந்தியவன் என்று சொல்லி நானும் கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் ஐயா படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மத்தியானம், அவருக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடித்து மறு கன்னத்துக்குச் சவுக்காரம் பூசும்போது, “முத்தையாவுக்கு நான் ஒரு பிழை செய்தனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை,” என்றார்.

சண்டை நின்று, பாதை திறந்து, சமாதானம் என்று எல்லாரும் நம்பிய அந்தக் கொஞ்சக் காலத்தில் முத்தையாவுக்குப் பிரசாவுரிமை கிடைத்தது. நான் அப்போது வேலையாக முல்லைத்தீவில் நின்றேன். காணி உத்தியோகத்தர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடமாடும் சேவைக்கு வந்தார்கள். ஐயாவும் முத்தையாவும் சேர்ந்து போய்ப் பின் ஏக்கரைப் பிரித்து எழுதக் கேட்பதாகப் பேச்சு. ஆனால் அதற்கு முதல் நாள் யாழ்ப்பாணத்தில் இருந்து ஐயாவின் தமையன் வந்திருந்தார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு காணும் தமையன். “பரம்பரைக் காணியைத் தோட்டத்துச் சனத்துக்கு எழுதப்போறியாமே? எங்கட ஆக்களின்ர முகத்தில முழிக்கிறேல்லையோ?” என்று கேட்டிருக்கிறார். அரசாங்கம் கொடுத்த காட்டுக்கு அவர் வைத்த பெயர் பரம்பரைக் காணி. ஐயா தமையனுக்கும் பதில் சொல்லவில்லை, முத்தையாவுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. விடிய முதல் பஸ்ஸில் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய்விட்டார். முத்தையா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து எங்கள் வாசல் படலையில் மத்தியானம்வரை நின்றிருக்கிறார். பின்னேரம் ஐயாவைக் கண்டபோது, “பரவால்லீங்கய்யா, அடுத்த தடவ பாத்துக்கலாம்,” என்றாராம். அடுத்த தடவை வரவில்லை.

“என்ர வாய் கிடக்கு எண்டு சொன்ன நான், அண்டைக்கு வாயைத் திறக்கேல்லை,” என்றார் ஐயா. “சனம் என்ன கதைக்கும் எண்டு பயந்தனான். நான் அண்டைக்கு எழுதியிருந்தா உனக்கு அந்தப் புத்தி வந்திருக்காது. நீ எழுதிக் குடு.” பாதிச் சவுக்காரத்தோடு அவருடைய முகம் மிகவும் சின்னதாகத் தெரிந்தது. நான் ஓம் என்றேன். அந்த ஓம் சொல்லிப் பத்து வருடம் ஆகப்போகிறது. மழை, அறுவடை, உன்னுடைய வெளிநாட்டுப் பயணம், அம்மாவின் சத்திரசிகிச்சை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. பாக்கியமும் கேட்கவில்லை. கேட்காதபடியால் அவளுக்கு அவசரம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். ஒருமுறை கேட்டு என் வாயால் அப்படி ஒரு பதில் வாங்கியவள் மறுபடி எப்படிக் கேட்பாள் என்று நான் யோசிக்கவில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்குக் குறைவு என்பதை இவ்வளவையும் வாசித்த பிறகு நீயே அறிவாய். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அப்பப்பா என்ன விட்டுப்போனார் என்று ஊரில் கேட்டால் மூன்று ஏக்கர் வயல் என்பார்கள். உண்மையில் அவர் விட்டுப்போனது இரண்டு ஏக்கரும், ஒரு சொல்லும், அந்தச் சொல்லை எழுதாமல் விட்ட குறையும். நாங்கள் நேசிக்கிறவர்களிடம் இருந்து அவர்கள் முடிக்காமல் விட்டதும் சேர்ந்துதான் எங்களிடம் வருகிறது. அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ள ஏலாது. ஐயா உயிரோடு வந்து சேர்ந்தபடியால் வரம்பு திரும்ப வந்தது. நான் இருக்கும்வரை அது அங்கே கிடக்கும். அதற்குப் பிறகு பத்திரம் உன் கைக்கு வரும். நீ தூரத்தில் இருப்பாய். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் நம்புவாய். அதில் உன் பிழை ஒன்றும் இல்லை. உன் குரல்பதிவு எனக்கு அதைக் காட்டியது. அதற்காக உனக்கு நன்றி சொல்கிறேன். கேலியாகச் சொல்லவில்லை.

போன புதன்கிழமை நானும் பாக்கியமும் பிரதேச செயலகத்துக்குப் போனோம். காணிப் பகுதியில் இருந்த இளம் பெண் பொறுமையாகக் கேட்டாள். பிரித்து எழுதக் கேட்கலாம், ஆனால் நாள் எடுக்கும் என்றாள். என் விண்ணப்பத்தோடு மகனுடைய சம்மதக் கடிதமும் இருந்தால் பின்னுக்குப் பிரச்சினை வராது, ஆனால் அது கட்டாயம் இல்லை என்றும் சொன்னாள். நான்தான் வேண்டும் என்றேன். உன்னைக் கேட்காமல் செய்தால் அதுவும் ஒரு விதத்தில் முதல் பஸ் ஏறிப் போகிற வேலைதான். திரும்பி வரும்போது, மகன் மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று பாக்கியம் கேட்பாள் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. “தம்பி யோசிச்சுத்தான் சொல்லுவான்,” என்று நானே சொன்னேன். “யோசிக்கட்டும் அண்ணை. அங்க இருந்து பார்க்கத் தம்பிக்கு இது கடுதாசிதானே. நாங்கள் எங்க போகப்போறம்?” என்றாள். பிறகு தன் பேரப்பிள்ளைக்குப் பல் முளைக்கிறதைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தாள்.

சம்மதக் கடிதத்தின் மாதிரியை இதோடு வைத்திருக்கிறேன். முன் இரண்டு ஏக்கரையும் நான் போன பிறகு நீ என்ன செய்தாலும் அது உன் விருப்பம். மூன்றாவதைப் பற்றி மட்டும்தான் கேட்கிறேன். அப்பா சொன்னார் என்பதற்காக வைக்கிற கையெழுத்து எனக்கு வேண்டாம். மனம் ஒப்பினால் வைத்து அனுப்பு. மனம் ஒப்பாவிட்டால் அதை எனக்கோ அம்மாவுக்கோ சொல்ல வேண்டாம். பாக்கியத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கடைசித் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பின்னேரங்களில் வீட்டில்தான் நிற்பாள். அவளை அழைத்து, நீ யார் என்று சொல்லி, உன் வாயாலேயே அவளுக்குச் சொல்.

அப்பா